எக்செல் ஏன் பெயர் கேட்கிறது? பழைய கணினியில் புதிய ஃபங்ஷன்கள்

"அக்கா, நீங்க அனுப்பின ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுக்கா. எங்க பாத்தாலும் பேர் கேக்குது."

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் இருக்கும் ஒரு சின்ன லேத் பட்டறையிலிருந்து வந்த போன் அது. அப்படி நாலைந்து பட்டறைகளுக்கு நான் கணக்கு எழுதித் தருகிறேன். ஸ்ரீராமபுரம் வீட்டில் உட்கார்ந்து ஃபைல் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். வாரம் ஒருமுறை மெட்ரோ ஏறி நேரில் போவேன். அந்தப் பெண் போட்டோ எடுத்து அனுப்பிய திரையில், ஸ்டாக் பக்கம் முழுக்க #நேம்? என்று நின்றது. கேள்விக்குறி இருப்பதால் கணினி ஏதோ பெயர் கேட்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்தக் குறியைப் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். வைரஸ் என்பார் ஒருவர், டவுன்லோடு சரியாக ஆகவில்லை என்பார் இன்னொருவர், ஃபார்முலா எழுதியவருக்குக் கணக்குத் தெரியாது என்பார் மூன்றாமவர். பெரும்பாலும் மூன்றுமே தவறு. ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபார்முலாவும் சரிதான். நடந்தது வேறு. அது புரிந்துவிட்டால் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. புரியாமல் விட்டால் கையிலிருந்து பணம் போகும். எங்களுக்குப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு: ஃபங்ஷன் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். எக்செல்லில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

பிஸிபேளேபாத் தெரியாத அத்தை

ஊரிலிருந்து அத்தை பெங்களூருக்கு வந்திருக்கிறார். ஐம்பது வருஷமாகச் சமைக்கும் கை. "அத்தை, இன்னிக்கு பிஸிபேளேபாத் செய்ங்க" என்று சொன்னால் விழிப்பார். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அதையே, "அரிசியும் துவரம்பருப்பும் குழைய வேக வைங்க, காய் போடுங்க, புளி கரைச்சு ஊத்துங்க, மசாலாப் பொடி போட்டுக் கிளறி, நெய்யில தாளிச்சுக் கொட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தட்டில் வைப்பார். அதில் ஒரு வேலைகூட அவருக்குத் தெரியாதது இல்லை. அந்த வேலைகளையெல்லாம் சேர்த்துச் சொல்லும் ஒற்றைப் பெயர்தான் தெரியாது.

பழைய எக்செல் அந்த அத்தையைப் போல. கூட்டல், பெருக்கல், ஒப்பிடுதல், பட்டியலில் தேடுதல் எல்லாம் அதற்கு அத்துப்படி. அது வெளியான பிறகு சூட்டப்பட்ட பெயர்கள் மட்டும் தெரியாது. #நேம்? என்று அது காட்டினால், "இந்தப் பெயரில் எனக்கு எதுவும் தெரியாதே" என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று சொற்கள்

எண்களையும் எழுத்துகளையும் வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம்கட்டமாக வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் ஸ்ப்ரெட்ஷீட். 1979-இல் வந்த விசிகால்க் முதல் இன்றைய எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபீஸ் வரை எல்லாமே இந்த இனம்தான். அதில் ஒரு கட்டத்துக்குப் பெயர் செல்.

சமக்குறியில் தொடங்கி ஒரு செல்லுக்குள் நாம் எழுதும் கட்டளை ஃபார்முலா. அந்தக் கட்டளைக்குள் நாம் பயன்படுத்தும், மென்பொருள் செய்தவர்கள் முன்கூட்டியே செய்து பெயரிட்டு வைத்த கணக்கு ஃபங்ஷன். சம், ரவுண்ட், மேக்ஸ் எல்லாம் ஃபங்ஷன்கள். ஃபார்முலா நம்முடையது, ஃபங்ஷன் மென்பொருளுடையது. பலர் இரண்டையும் ஒன்றாகவே பேசுவதால்தான் "ஃபார்முலா தப்பு" என்ற பழி எழுதியவர் தலையில் விழுகிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். நான் அனுப்பும் ஃபைலில் ஃபங்ஷனின் பெயர் மட்டும்தான் போகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு ஃபைலில் இல்லை. அது அவரவர் கணினியில் இருக்கும் எக்செல்லுக்குள் இருக்கிறது. அங்கே இல்லையென்றால் இல்லைதான்.

அப்படியானால் திறந்தவுடன் சரியாகத் தெரிந்ததே, எப்படி?

பலரைக் குழப்புவது இந்த இடம்தான். "காலையில திறந்தப்ப நல்லாதான்க்கா இருந்துச்சு, ஒரு நம்பர் மாத்தினேன், உடனே இப்படி ஆயிடுச்சு" என்று அந்தப் பெண்ணும் சொன்னாள். தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்ற பயம் குரலில் தெரிந்தது. அவள் எதையும் கெடுக்கவில்லை.

எக்செல் 2007 முதல் நாம் வழக்கமாகச் சேமிக்கும் ஃபைல், உண்மையில் பல ஃபைல்களை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு ஃபைலைப் பிரதி எடுத்து, அதன் வால்பெயரை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவதை) ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே சில ஃபோல்டர்கள் இருக்கும். ஒர்க்‌ஷீட்ஸ் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எழுத்துக்கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் ஃபார்முலா உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு விஷயங்கள் எழுதியிருப்பது தெரியும். எஃப் என்ற குறிக்குள் ஃபார்முலா. அதை ஒட்டியே வி என்ற குறிக்குள், அந்த ஃபார்முலா கடைசியாகத் தந்த விடை.

அத்தைக்கு நான் ஒரு டிபன் பாக்ஸில் பிஸிபேளேபாத்தைச் செய்தே அனுப்பி, மூடியின் மேல் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். அத்தை திறந்து சாப்பிடலாம், ருசி சரியாகவே இருக்கும். "இன்னும் நாலு பேர் வர்றாங்க, புதுசா செய்ங்க" என்றால்தான் சிக்கல். பெயரைப் பார்த்து விழிப்பார்.

பழைய எக்செல் ஃபைலைத் திறக்கும்போது, சேமித்து வந்த விடையை அப்படியே எடுத்துக் காட்டுகிறது. கணக்கு எதுவும் போடுவதில்லை. அந்த ஃபார்முலா நம்பியிருக்கும் ஏதாவது ஒரு செல்லை நீங்கள் மாற்றினால்தான் புதிதாகக் கணக்குப் போடப் பார்க்கிறது. பெயர் தெரியாததால் கையை விரித்துவிடுகிறது. அந்த விடையை நம்பியிருக்கும் மற்ற செல்களும் வரிசையாக விழுகின்றன. ஒரு நம்பர் மாற்றியதில் ஒரு பக்கமே போனது இப்படித்தான்.

இதற்கு ஒரு அடையாளம் உண்டு. சந்தேகமான செல்லைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடும் எக்ஸ்எல்எஃப்என் என்ற நான்கு எழுத்தும் ஒரு புள்ளியும் ஒட்டியிருந்தால், இந்த எக்செல்லுக்கு அந்த ஃபங்ஷன் தெரியாது என்று அர்த்தம். செல்லில் தெரியும் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது டிபன் பாக்ஸில் வந்த எண்தான். #நேம்? என்று இருந்து இந்த முன்னொட்டு இல்லாவிட்டால், பெரும்பாலும் யாரோ பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். அது வேறு கதை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ஃபைலில் பெயரும் பழைய விடையும் பயணம் செய்கின்றன, கணக்கு பயணம் செய்வதில்லை. திறந்ததும் தெரிவது பழைய விடை. எதையாவது மாற்றும்போதுதான் அந்தக் கணினிக்குப் பெயர் தெரியுமா, தெரியாதா என்பது வெளியே வரும்.

எந்தப் பெயர் எப்போது வந்தது

முழுப் பட்டியல் நீளமானது. அன்றாடம் தடுக்கும் பெயர்களை மட்டும் சொல்கிறேன்.

எக்செல் 2003-இல் எம்ரவுண்ட், ஜிசிடி, எல்சிஎம் போன்றவை ஒரு தனி ஆட்-இன்னாக, அதாவது எக்செல்லோடு தனியாகச் சேர்க்கும் துணைப் பகுதியாக இருந்தன. அனாலிசிஸ் டூல்பேக் என்ற அதை டிக் செய்து வைக்காவிட்டால் அவையும் #நேம்? தான். 2007-இல் அவை எக்செல்லுக்குள்ளேயே வந்துவிட்டன. கூடவே சம்இஃப்ஸ், கவுண்ட்இஃப்ஸ், இஃப்எரர் வந்தன. 2010-இல் அக்ரிகேட் வந்தது. புள்ளியியல் ஃபங்ஷன்களுக்கு நடுவில் புள்ளி வைத்த புதுப் பெயர்களும் அப்போது வந்தன. எஸ்டிடெவ் என்பது எஸ்டிடெவ் புள்ளி எஸ் ஆனது, கணக்கு ஒன்றே. 2013-இல் காட், செக் போன்ற கோணக்கணித ஃபங்ஷன்களும், எதிர்ம எண்களை எந்தப் பக்கமாக ரவுண்ட் செய்வது என்று சொல்ல இடம்தரும் சீலிங் புள்ளி மேத்தும் வந்தன. 2019 பதிப்பில் மேக்ஸ்இஃப்ஸ், மின்இஃப்ஸ், இஃப்ஸ், ஸ்விட்ச், டெக்ஸ்ட்ஜாயின். 2021-இல் எக்ஸ்லுக்அப், ஃபில்டர், சார்ட், யுனீக், சீக்வென்ஸ், லெட். 2024-இல் லாம்டா.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. "எங்கிட்டயும் 2016தான், அவர்கிட்டயும் 2016தான், அவருக்கு மட்டும் மேக்ஸ்இஃப்ஸ் வேலை செய்யுதே?" 2016-ஐ ஒருமுறை பணம் கட்டி வாங்கியவருக்கு, வாங்கிய நாளில் இருந்த ஃபங்ஷன்கள்தான் கடைசிவரை. அதே காலத்தில் சந்தா கட்டியவருக்குப் புது ஃபங்ஷன்கள் அவ்வப்போது வந்து சேர்ந்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே ஒன்றல்ல. பதிப்பின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வெறும் செல்லில் சமக்குறி போட்டு ஃபங்ஷனின் முதல் சில எழுத்துகளை அடியுங்கள். கீழே விரியும் பட்டியலில் பெயர் வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை.

பிழை காட்டாத பிழை

இப்போது எங்கள் பணம் போன கதை.

அந்தப் பட்டறைக்கு நான் செய்த கொட்டேஷன் ஃபைலில், பிளேட்டிங் ரேட், அதாவது இரும்பின் மேல் ஜிங்க், நிக்கல் போன்ற பூச்சு ஏற்றும் கூலி, எடுக்க ஒரு செல் இருந்தது. மூன்று நான்கு பிளேட்டிங் கடைகளின் ரேட் பட்டியலிலிருந்து, நாம் தேர்ந்தெடுத்த வகைக்கு எது அதிகமோ அதை எடுக்கும். அதிகமான ரேட்டில் விலை சொன்னால் யாரிடம் கொடுத்தாலும் கை நஷ்டம் வராது என்பது பட்டறை அண்ணனின் கணக்கு. அதற்கு, நாம் சொல்லும் நிபந்தனைக்குப் பொருந்துவதில் பெரியதை எடுக்கும் மேக்ஸ்இஃப்ஸ் போட்டேன். வகையை இன்னும் தேர்ந்தெடுக்காத நேரத்தில் கண்ட பிழையும் தெரிய வேண்டாமே என்று, அதைச் சுற்றி இஃப்எரர் போட்டு, பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என்று எழுதினேன்.

இஃப்எரர் என்ற ஃபங்ஷனின் வேலை, உள்ளே எந்தப் பிழை வந்தாலும் அதை மறைத்து நாம் சொன்ன எண்ணைக் காட்டுவது. எந்தப் பிழை என்று அது பார்ப்பதில்லை. பூஜ்யத்தால் வகுத்த பிழையும் அதற்கு ஒன்றுதான், பெயரே தெரியாத பிழையும் ஒன்றுதான்.

பட்டறைக் கணினியில் இருந்தது எக்செல் 2010. அதற்கு இஃப்எரர் தெரியும், மேக்ஸ்இஃப்ஸ் தெரியாது. அண்ணன் நிக்கல் என்று இருந்ததை ஜிங்க் என்று மாற்றினார். உள்ளே #நேம்? வந்தது, வெளியே இருந்த இஃப்எரர் அதைத் துடைத்து 0 என்று எழுதியது. திரையில் எங்கும் சிவப்பு இல்லை, கேள்விக்குறி இல்லை.

200 பீஸ், பீஸுக்கு 1.4 கிலோ, மொத்தம் 280 கிலோ. இரும்பு கிலோ 81 ரூபாய் வீதம் 22,680. மெஷினிங் பீஸுக்கு 65 வீதம் 13,000. ஜிங்க் பிளேட்டிங் கிலோ 14 வீதம் 3,920 வந்திருக்க வேண்டும். மொத்தம் 39,600. போன கொட்டேஷன் 35,680. வித்தியாசம் கண்ணை உறுத்தும் அளவு பெரிது இல்லை. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

அதே வாரம்தான் ஸ்டாக் பக்கத்தில் பெயர் கேட்கிறது என்று போன் வந்தது. அந்தப் பக்கத்தைச் சரிசெய்து அனுப்பினேன். கொட்டேஷன் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அங்கே பிழை எதுவும் தெரியவில்லை அல்லவா. மூன்று வாரம் கழித்து பிளேட்டிங் கடை பில் வந்தபோது அண்ணன் கூப்பிட்டார். "ஏம்மா, பிளேட்டிங்குக்கு நாம காசே போடலியே?" திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து பணம் தொடர்பான எந்த செல்லிலும் இஃப்எரருக்குள் பூஜ்யம் வைப்பதில்லை. வகை தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் கவலை என்றால், அதை மட்டும் கேட்டால் போதும்: வகை செல் காலியாக இருந்தால் வெறுமையாகக் காட்டு, இல்லாவிட்டால் கணக்குப் போடு என்று சாதாரண இஃப். மற்ற பிழைகள் எல்லாம் பளிச்சென்று தெரியட்டும். தெரியும் பிழையைக் காட்டி யாராவது போன் செய்வார்கள். துடைத்த பிழைக்கு பில்தான் வரும்.

பெயரைப் பிரித்து எழுதுவது

இனி வைத்தியம். பெயர் தெரியாதவரிடம் செய்முறையைச் சொல்வதுதான் வழி. மேக்ஸ்இஃப்ஸையே எடுத்துக்கொள்வோம்.

ஏ நெடுவரிசையில் பிளேட்டிங் வகை, சி நெடுவரிசையில் ரேட். நான்கு வரிசை: ஜிங்க் 12, நிக்கல் 38, ஜிங்க் 14, ஜிங்க் 13. ஜிங்க்கில் அதிகமான ரேட் வேண்டும். விரலால் செய்தால் என்ன செய்வோம்? ஜிங்க் இல்லாததை ஒதுக்குவோம், மீதியில் பெரியதை எடுப்போம். இதை எக்செல்லுக்கு எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு வரிசையிலும் "இது ஜிங்க்கா?" என்று கேட்டால் ஆம், இல்லை, ஆம், ஆம் என்று வரும். எக்செல்லில் ஆம் என்பதை ஒரு எண்ணோடு பெருக்கினால் 1 ஆகவும், இல்லை என்பது 0 ஆகவும் நடந்துகொள்ளும். எனவே பதில்களை ரேட்டோடு பெருக்குகிறோம்: 12, 0, 14, 13. நிக்கலின் 38 பூஜ்யமாகிவிட்டது. இதில் பெரியது 14. வேலை முடிந்தது.

இதையே ஒரே வரியில் எழுதினால்: =சம்ப்ராடக்ட்(மேக்ஸ்((வகைகள்=தேர்ந்தெடுத்த வகை)*(ரேட்டுகள்))). வகைகள், ரேட்டுகள் என்ற இடத்தில் உங்கள் செல் எல்லைகள் வரும். சம்ப்ராடக்ட் எதற்கு என்றால், உள்ளே இருப்பதை ஒரு செல்லாகப் பார்க்காமல் முழு வரிசையாகப் பார் என்று பழைய எக்செல்லுக்குச் சொல்வதற்காக. 2010 மட்டுமல்ல, 2003-இலும் இது ஓடும்.

இதே தந்திரத்தைக் குறைந்த ரேட்டுக்கு அப்படியே பயன்படுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். 12, 0, 14, 13 இதில் சிறியது எது? 0. இல்லாத கடையின் ரேட் பூஜ்யம் என்று வந்து நிற்கும். மின்இஃப்ஸ் இல்லாத கணினியில் பலர் விழும் குழி இது. அங்கே பெருக்கக்கூடாது, வகுக்க வேண்டும். ரேட்டை ஆம் அல்லது இல்லை என்பதால் வகுத்தால் 12/1, 38/0, 14/1, 13/1. நடுவில் பூஜ்யத்தால் வகுத்த பிழை வருகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். 2010-இல் வந்த அக்ரிகேட்டுக்குப் பிழைகளைத் தாண்டிப் போகத் தெரியும்: =அக்ரிகேட்(15, 6, ரேட்டுகள்/(வகைகள்=தேர்ந்தெடுத்த வகை), 1). 15 என்பது சிறியவற்றை வரிசைப்படுத்தி எடு, 6 என்பது பிழைகளை விட்டுவிடு, கடைசி 1 என்பது அவற்றில் முதலாவது. விடை 12. பதினைந்தை 14 ஆக்கினால் பெரியவற்றிலிருந்து எடுக்கும். எதிர்ம எண்கள் வரும் பட்டியலில் பெரியதைத் தேடவும் இந்த முறையே பாதுகாப்பு. எல்லாமே எதிர்மம் என்றால் பெருக்கல் முறையில் ஒதுக்கிய பூஜ்யமே பெரியதாகிவிடும்.

கோணக்கணிதம் இதைவிட எளிது. லேத்தில் டேப்பர் (சரிவாகக் குறுகும் வடிவம்) திருப்பும்போது, ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் இறங்க வேண்டும், கோணம் 30 டிகிரி, நீளம் எவ்வளவு என்று கேட்பார்கள். 5-ஐ காட் 30 ஆல் பெருக்க வேண்டும். காட் என்பது டேனின் தலைகீழ், அவ்வளவுதான். காட் தெரியாத எக்செல்லில் டேனால் வகுத்துவிடுங்கள்: =5/டேன்(ரேடியன்ஸ்(30)). விடை 8.66 மில்லிமீட்டர். ரேடியன்ஸை விட்டுவிடாதீர்கள். எக்செல் கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற அளவில் எடுத்துக்கொள்கிறது. நேராக 5/டேன்(30) என்று போட்டால் விடை கழித்தல் 0.78 என்று வரும். இது பழையது, புதியது எல்லாவற்றிலும் நடக்கும் தவறு, பதிப்பைக் குறை சொல்ல முடியாது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். எம்ரவுண்ட் வேலை செய்யாத 2003-இல் ஐந்து ரூபாய்க்கு ரவுண்ட் செய்ய, எண்ணை 5 ஆல் வகுத்து, ரவுண்ட் செய்து, திரும்ப 5 ஆல் பெருக்குங்கள். 237 என்றால் 47.4, அது 47, அது 235. பட்டியலில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப்புக்குப் பதில் மேட்ச் வைத்து எத்தனையாவது வரிசை என்று கண்டுபிடித்து, இண்டெக்ஸ் வைத்து அந்த வரிசையிலிருந்து எடுங்கள். மேட்ச்சின் கடைசியில் 0 போட மறந்தால் அது சரியான பொருத்தத்தைத் தேடாது. பல நிபந்தனைகளை வரிசையாகக் கேட்கும் இஃப்ஸுக்குப் பதில் இஃப்புக்குள் இஃப். 2003-இல் ஏழு அடுக்குவரை, 2007 முதல் 64 அடுக்குவரை. ஏழு அடுக்குக்கு மேல் போகிறது என்றால் தனியாக ஒரு அட்டவணை போட்டுத் தேடுவதுதான் படிக்கிறவருக்கும் நல்லது. நடுவில் வரும் விடைக்குப் பெயர் சூட்டும் லெட்டுக்குப் பதில் பக்கத்தில் ஒரு உதவி நெடுவரிசை.

சுருக்கமாக, ஒரு புதிய கணித ஃபங்ஷன் தடுத்தால், "இதை விரலால் செய்தால் எந்தப் படிகளில் செய்வேன்?" என்று கேளுங்கள். அந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் பழைய பெயர் பெரும்பாலும் இருக்கும்.

பிரித்தும் எழுத முடியாதவை

ஃபில்டர், யுனீக், சார்ட், சீக்வென்ஸ் ஆகியவை வேறு ரகம். இவற்றின் பெயர் மட்டும் புதிது இல்லை, நடத்தையே புதிது. ஒரு செல்லில் எழுதினால் விடை கீழே பல செல்களுக்கு வழிந்து ஓடும். அதற்கு ஸ்பில் என்று பெயர். பழைய எக்செல்லில் ஒரு ஃபார்முலா தன் எல்லையைத் தாண்டி அப்படி வழிய முடியாது. தனக்கு ஒதுக்கிய செல்களுக்குள்தான் விடை தரும்.

இங்கே சிக்கலான பழைய ஃபார்முலா எழுதிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று வரி நீள ஃபார்முலாவை அடுத்த மாதம் எழுதியவருக்கே புரியாது. டேட்டா மெனுவில் இருக்கும் சாதாரண ஃபில்டர், ரிமூவ் டூப்ளிகேட்ஸ், இன்செர்ட் மெனுவில் இருக்கும் பிவட் டேபிள் ஆகியவை 2007-இலேயே இருக்கின்றன. கையால் ஒருமுறை சொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வரிசை எண் வேண்டுமென்றால் ரோ ஃபங்ஷன் போதும்.

பலன் தராத வைத்தியங்கள்

"பழைய 97-2003 ஃபார்மட்டில் சேமித்து அனுப்பு, சரியாகிவிடும்." ஆகாது. ஃபார்மட் என்பது டிபன் பாக்ஸின் வடிவம். பாக்ஸை மாற்றினால் அத்தைக்குப் பெயர் தெரிந்துவிடாது. அதற்கும் மேல், அந்தப் பழைய வடிவத்தில் 65,536 வரிசையும் 256 நெடுவரிசையும்தான் கொள்ளும். புதியதில் 10,48,576 வரிசை. பெரிய பட்டியலாக இருந்தால் மிச்சம் வெட்டுப்படும்.

"அந்த எக்ஸ்எல்எஃப்என் முன்னொட்டை அழித்துவிட்டால் போதும்." இது நிலைமையை மோசமாக்கும். முன்னொட்டு இருக்கும்வரை, அந்த ஃபைல் புதிய எக்செல்லுக்குத் திரும்பி வந்தால் அது ஃபங்ஷன் பெயரை அடையாளம் கண்டுகொண்டு கணக்கைப் போட்டுவிடும். அழித்தால் அது வெறும் தெரியாத சொல்லாகிவிடும். புதிய கணினியிலும் #நேம்? காட்டும், ஒவ்வொரு செல்லாகத் திறந்து என்டர் தட்ட வேண்டிவரும்.

"பிழை வரும் இடத்தில் எண்ணைக் கையால் அடித்துவிடு." இதைச் செய்தவர்களை நான் குறை சொல்வதில்லை, அவசரத்தில் வேறு வழி தெரியாது. ஆனால் அந்த நொடியில் ஃபார்முலா போய்விட்டது. அடுத்த முறை ரேட் மாறினாலும் அந்த எண் மாறாது.

மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல், எழுதி நாமே ஒரு ஃபங்ஷன் செய்துகொள்ளலாம். அது உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் இணையம் வழியாக வந்த ஃபைலில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பும் நமக்கு அது சரிப்படாது.

அனுப்பும் முன்பும் திறந்த பின்பும்

அனுப்புபவர் புதிய எக்செல் வைத்திருந்தால், ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் செக் ஃபார் இஷ்யூஸ், அதில் செக் கம்பாட்டிபிலிட்டி. பழைய பதிப்பில் ஓடாத ஃபங்ஷன்கள் ஃபைலில் இருந்தால் அது எடுத்துச் சொல்லும்.

பெறுபவர் ஃபைலை ஒரு பிரதி எடுத்து, பிரதியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தட்டும். எல்லா ஃபார்முலாவையும் புதிதாகக் கணக்குப் போடச் சொல்லும் கட்டளை அது. டிபன் பாக்ஸ் எல்லாம் காலியாகிவிடும், எது சமைக்கத் தெரியாதது என்று அந்த நிமிஷமே தெரியும். மாறாமல் நின்ற எண்களை நம்பலாம். திடீரென்று பூஜ்யமான எண்களை, பிழை காட்டாவிட்டாலும், சந்தேகப்படுங்கள்.

புது எக்செல் வாங்கப் பட்டறைகளில் யோசிப்பார்கள், நியாயம்தான். லிப்ரேஆபீஸ் இலவசம். 2016-இல் வந்த 5.2 பதிப்பிலேயே மேக்ஸ்இஃப்ஸ், இஃப்ஸ், டெக்ஸ்ட்ஜாயின் வந்துவிட்டன. 2024-இல் வந்த 24.8 பதிப்பில் எக்ஸ்லுக்அப், ஃபில்டர், யுனீக், லெட் எல்லாம் இருக்கின்றன. நல்ல இணைய இணைப்பு இருந்தால் கூகுள் ஷீட்ஸ் போதும்.

அண்ணன் பட்டறையில் இன்னும் 2010தான். பில்லிங் மென்பொருள் அந்தக் கணினியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மாற்ற முடியவில்லை. அதனால் கொட்டேஷன் ஃபைலில் எல்லாவற்றையும் பழைய பெயர்களில் பிரித்து எழுதிவிட்டேன். மற்ற பட்டறைகளுக்குப் போகும் ஃபைல்களில் புதிய ஃபங்ஷன்கள் இருக்கின்றன. அவற்றின் முதல் பக்கத்தில் மேல் மூலையில் ஒரு சோதனை செல் வைத்திருக்கிறேன்: =இஃப்(இஸ்எரர்(மேக்ஸ்இஃப்ஸ்(ரேட்டுகள், வகைகள், முதல் வகை)+நவ்()*0), "இந்தக் கணினியில் விலை போடாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள்", "சரி"). நவ் ஃபங்ஷன் இப்போதைய நேரத்தைத் தருவது. அது இருக்கும் ஃபார்முலாவை எக்செல் ஒவ்வொரு முறை ஃபைல் திறக்கும்போதும் புதிதாகக் கணக்குப் போடும், சேமித்த விடையைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்காது. பூஜ்யத்தால் பெருக்கியிருப்பதால் விடையைக் கெடுக்காது. மேலே மஞ்சள் பட்டையில் எனேபிள் எடிட்டிங் கேட்டால் அதை மட்டும் முதலில் அழுத்த வேண்டும், அதுவரை எக்செல் எதையும் கணக்குப் போடாது.

போன வாரம் ஒரு பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்திருக்கிறான். எனேபிள் எடிட்டிங்கை அழுத்தியதும் என் நம்பருக்குப் போன் வந்தது. "மேடம், விலை போடாதீங்கன்னு எழுதியிருக்கு. போடலாமா, வேணாமா?"